கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்

போன வாரக் கதையில், அக்கா தங்கை இருவரில் பெரியவளை, நேர்முகத் தேர்விலிருந்து திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் அழ விட்டுவிட்டு வந்துவிட்டோம். நல்லவேளை, அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்த தங்கை, செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"நன்றின்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

அது இரண்டாவது நேர்முகத் தேர்வு. முதலாவதும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த கை. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் பசி, தூக்கம் தெரியாது. ஆனால் எதிரே மனிதர்கள் உட்கார்ந்து அவளையே பார்த்தால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வேலையை விட்டவள், மூன்று வருடம் கழித்து மறுபடியும் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று மூன்றாவது கதவு. ஊரின் பெரிய மருத்துவமனை. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் பெரியவள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கூடமே மாறியிருந்தது. சாப்பாட்டு மேஜை நடுவில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன் பின்னால் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னவள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலியில் தலையணைகள்.

"இவரு மேனேஜர். இவங்க டாக்டர்," என்று தலையணைகளைத் தட்டிக் காட்டினாள் சின்னவள். "ரெண்டு பேருக்கும் பொறுமைங்கறதே கிடையாது. நான் கொஞ்சம் பரவாயில்ல. உட்காருங்க."

தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நாற்காலி, மேஜை, கட்டில் விற்கும் கடையில் வேலை. மெத்தை வாங்க வந்தவரைக் கட்டிலும் அலமாரியும் சேர்த்து வாங்க வைத்து, அவரையே நன்றி சொல்ல வைத்து அனுப்புவாள். இன்றைக்கு அக்காவுக்காக லீவு போட்டிருந்தாள்.

அந்த வாய் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பழ மண்டியில் ஏலக்காரராக இருந்தவர். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் குரல் எழும்பினால் மண்டிக்கு வெளியே நிற்கும் லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலைத்தான் நோய் கொண்டுபோய்விட்டது. இப்போது கை கால் ஓரளவு தேறிவிட்டது. கோலை ஊன்றி நடக்கிறார். பேச்சு மட்டும், இருட்டறையில் தேடுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகக் கையில் தட்டுப்பட வேண்டும். பெரியவள் எப்போதுமே அம்மா சாயல். மகள்கள் சிறுமிகளாக இருக்கும்போதே போய்விட்ட அந்த அம்மாவும் வாய் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் சின்னவள், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு.

பெரியவள் வாயைத் திறந்தாள். சொல் வந்து சேர்வதற்குள் மேஜை தட்டப்பட்டது.

"லேட்! இவ்ளோ நேரம் எடுத்தா அவங்க செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. மறுபடியும்."

"நான்… பரிசோதனைக் கூடத்துல…"

"சிரிச்சுக்கிட்டே!"

"சிரிச்சுக்கிட்டே எப்படிடீ பேசறது?"

"நான் பேசறேன்ல? ஆரம்பமே அசத்தலா இருக்கணும்க்கா. 'ரத்தம்தான் என் வாழ்க்கை'ன்னு எடுத்த எடுப்புல போடு."

"கொசு வேலைக்கு வந்த மாதிரி இருக்கும்."

ஜன்னலோரம் ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது. சின்னவளுக்கு வரவில்லை. அவள் உண்மையாகவே பயந்துபோயிருந்தாள்.

பெரியவள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாரத்தில் அவள் தன் பாணியில் தயாராகிக்கொண்டுதான் இருந்தாள். எத்தனை பேர் கேள்வி கேட்பார்கள், எவ்வளவு நேரம் நடக்கும் என்று மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டாள். அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்கள். நேற்று மாலை போய் அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். எந்த வாசல், எந்த மாடி, கொஞ்ச நேரம் தனியாக நிற்க இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டாள். தன் வேலையில் நடந்த சில சம்பவங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அது அவர் பேச்சுப் பயிற்சி செய்கிற நேரம். படத்தைப் பார்த்து அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். இவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். 'சீப்பு' என்பதற்கு அவரும், 'உங்களைப் பற்றி' என்பதற்கு இவளும் ஒரே மாதிரி திணறினார்கள். அவசரம் யாருக்கும் இல்லை.

சின்னவளுக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் அவள் கடைக்குக் கிளம்பிப் போயிருப்பாள்.

"சரி, இப்போ முக்கியமான கேள்வி," என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "மூணு வருஷம் ஏன் வேலைக்குப் போகல? ஆன்லைன்ல மேல்படிப்பு படிச்சேன்னு சொல்லிடு."

"படிக்கலையே."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே. அப்பாவைப் பார்த்துக்கிட்டேன்னுதான் சொல்லுவேன்."

"அப்படிச் சொன்னா, நாளைக்கும் லீவு போடுவான்னு நினைப்பாங்க. பொய்கூட வேணாம், கொஞ்சம் மெருகேத்திச் சொல்லு. வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்க்கா! வாயத் தைச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருந்தா யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் சின்னவளுக்கு என்ன ஆயிற்றோ, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது வெளியே கொட்டிவிட்டது.

"எனக்கும் வாய் வலிக்குது, தெரியுமா? வாடகை வாங்க வர்ற வீட்டுக்காரர்கிட்ட நான் பேசணும். கரண்ட் ஆபீஸ்ல நான் பேசணும். ஆஸ்பத்திரியில நான் பேசணும். இந்த வீட்ல எல்லாருக்கும் சேர்த்து நானே எவ்ளோ நாள்தான் பேசறது?"

எல்லாருக்கும் என்ற சொல் கூடத்தின் நடுவில் போய் நின்றது. சொன்ன பிறகுதான் அதில் ஜன்னலோரத்து மனிதரும் சேர்த்தி என்பது அவளுக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"அப்பா… நான் உங்களைச் சொல்லல."

அப்பா ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார். கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மெதுவாக நடந்து வந்து 'டாக்டர்' இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். தலையணையைத் தூக்கிச் சின்னவள் மடியில் போட்டார். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய அதிகாரி போல முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஏன்…" என்றார்.

இரண்டு பெண்களும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"ஏன்… இந்த…"

"இந்த ஆஸ்பத்திரியா?" என்று தொடங்கிய சின்னவளின் கையைப் பெரியவள் மேஜைக்கு மேலாக எட்டித் தொட்டாள். சின்னவள் நிறுத்திக்கொண்டாள்.

"இந்த… வேலை?"

பெரியவள் யோசித்தாள். யாரும் மேஜையைத் தட்டவில்லை. அப்பா அவளைக் கூர்ந்து பார்க்கவும் இல்லை. மேஜையிலிருந்த உப்புக் குடுவையைப் பார்த்தபடி காத்திருந்தார். யாரும் உற்றுப் பார்க்காமலிருப்பது எவ்வளவு வசதியாக இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு ரத்தம் இருக்கும்ப்பா," என்று ஆரம்பித்தாள். "அது யாரோட ரத்தம்னு எனக்குத் தெரியாது. ஆனா அவங்க எங்கயோ உட்கார்ந்து பயந்துக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்கு முடியாமப் போன அன்னிக்கு நாங்க உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரி. அவங்களுக்குப் போற பதில் சரியா இருக்கணும். நான் அவங்களைப் பார்க்கப் போறதில்ல. அவங்களும் என்னைப் பார்க்கப் போறதில்ல. இருந்தாலும் அன்னிக்கு அவங்களுக்கு ரொம்ப வேண்டிய ஆள் நான்தான். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

சின்னவள் தலையணையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதை ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடறியே."

சின்னவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பா கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் பெரியவளின் நீலச் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. காலர் கத்தி மாதிரி நின்றது. அழுத கண்ணோடு யார் போட்டிருப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. தெருமுனை வரை சின்னவள் கூடவே வந்தாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரர் எதிரே வந்து, "என்னம்மா ரேடியோ, இன்னிக்கு ரிப்பேரா?" என்று கேட்டார். உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். அக்காவுக்கு அமைதியாக ஒரு நடை வேண்டும் என்பதற்காக அவள் அதைக் கொடுத்தாள். எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொடுத்திருப்பாள் என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெரியவளுக்குத் தோன்றியது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் எல்லாம் அதற்குள் ஒருவருக்கொருவர் சிநேகிதமாகியிருந்தார்கள். பெரியவள் வந்ததைப் பதிவு செய்தாள். செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். நேற்றே பார்த்து வைத்திருந்த மாடிப்படித் திருப்பத்தில், கீழே வண்டிகள் நிற்கும் முற்றத்தைப் பார்த்தபடி நின்றாள். கூப்பிட்டபோது மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் பரிசோதனைக் கூடத்தின் தலைமை டாக்டர், நரைத்த கிராப்பு வெட்டிய அம்மாள். ஒரு பக்கம் ஆள் எடுக்கும் அதிகாரி. இன்னொரு பக்கம் ஜலதோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மேற்பார்வையாளர்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

மனம் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. பொறுக்கி வைத்த சம்பவம் ஒன்றுகூட இல்லை. எழுந்து போய்விடலாம், நன்றி என்று சொன்னால் போதும்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

சொன்னது தன் குரல்தான் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. டாக்டர் அம்மாள் தலையாட்டினார். மேற்பார்வையாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஏ.சி. உறுமியது. பெரியவள் அந்த இடைவெளியில் உட்கார்ந்திருந்தாள். இதைவிட நீளமான இடைவெளிகளில் அப்பாவோடு எத்தனையோ காலைகள் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. முடிவில் ஒரு சொல் வந்துதான் இருக்கிறது.

இப்போதும் வந்தது. சுருக்கமாகத்தான் சொன்னாள். எங்கே படித்தாள், என்ன செய்தாள், எது பிடிக்கும், எது வராது. "கூட்டமா இருந்தா நான் பேச்சுல கடைசி ஆள். ஒருத்தர் ரெண்டு பேர்னா சரியாப் பேசுவேன்."

புதிய இயந்திரம் ஒன்றைப் பற்றி மேற்பார்வையாளர் கேட்டார்.

"தெரியாதுங்க. நான் விட்டப்போ அது வரல. சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்."

"நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்க," என்றார் அதிகாரி. "ஒரு டாக்டர் போன்ல சத்தம் போட்டா என்ன பண்ணுவீங்க?"

பொறுக்கி வைத்த சம்பவம் இப்போது தானாக வந்து நின்றது. "ஒரு தடவை போட்டாரு. குழாய்ல ஒட்டின பேர் சரியாத் தெரியல. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நேரமில்ல, முடிவைச் சொல்லுன்னு கத்தினாரு. தரமாட்டேன்னேன். இன்னும் சத்தமாக் கேட்டாரு. அப்பவும் தரமாட்டேன்னேன்."

"நீங்களும் கத்தினீங்களா?"

"இல்லங்க. அவரு சத்தமே ரெண்டு பேருக்குப் போதுமா இருந்துச்சு."

மேற்பார்வையாளர் சிரிக்கப்போய்த் தும்மினார்.

"கடைசியில யாரு சரி?" என்று டாக்டர் அம்மாள் கேட்டார்.

"அவருதான். ரெண்டாவது ரத்தத்துலயும் அதே முடிவுதான் வந்துச்சு. இருந்தாலும் மறுபடி அப்படி நடந்தா, மறுபடியும் தரமாட்டேன்."

டாக்டர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "நடுவுல மூணு வருஷம்?"

"அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. நான் கூட இருந்தேன்." இவ்வளவோடு நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் அந்த அம்மாள் உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அதனால் மேலும் வந்தது. "இப்போ பேசறாரு. அவரு ஒரு வார்த்தையைத் தேடும்போது நாம எடுத்துக் குடுத்துடக் கூடாதுங்க. குடுத்தா தலையாட்டிட்டு விட்டுடுவாரு. அவரு சொல்ல வந்தது அதுவா இருக்காது. முகத்தைப் பார்க்காமப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா, அவரே கண்டுபிடிச்சுடுவாரு."

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள முடிவு பண்ணி போன் செய்றோம்," என்றார் அதிகாரி.

வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை. நடந்தாள். வேலை கிடைக்குமா என்ற நினைப்பு ஏனோ பின்னால் போய்விட்டது. கேள்விக்கு விடையெழுதி அனுப்பிய முகம் தெரியாத அலுவலர், ஜலதோஷத்தோடு வந்து உட்கார்ந்தவர், மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் வைத்துக் கட்டிய கொத்தனார், எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. உப்புக் குடுவையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தங்கைக்குச் சொல்லிவிடலாம். இன்றைக்கு அவள் கேட்கிற அத்தனை கேள்விக்கும் முழுசாகப் பதில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டே நடந்தாள். அணைத்த செல்போனை மறுபடி போட வேண்டும் என்பது அடியோடு மறந்துபோயிற்று.

வீட்டு வாசலில் சின்னவள் பேயறைந்தவள் போல நின்றிருந்தாள். கையில் காய்ந்த துணிகள்.

"அப்பா போன் எடுத்தாருக்கா."

"என்ன?"

"உன் நம்பர் கிடைக்கலன்னு, விண்ணப்பத்துல குடுத்த என் நம்பருக்கு அடிச்சிருக்காங்க. நான் மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். இறங்கி வந்தா, அப்பா காதுல வச்சுக்கிட்டு நிக்கறாரு. 'வருவா'ன்னு சொல்றாரு. அது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. அப்புறம் வச்சுட்டாரு."

மூன்று வருடத்தில் அப்பா போனைத் தொட்டதில்லை. முகம் தெரியாதவர்கள் அவசரப்படுத்துவார்கள் என்று அது அடித்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வேர்த்திருந்தது. பெரியவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் துணிகளைக் கீழே போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யாருப்பா பேசினாங்க?"

"டாக்… டர். அம்மா."

"என்ன சொன்னாங்க?"

"வேலை…" அவர் பெரியவளின் கையைப் பிடித்தார். "உனக்கு."

சின்னவள் ஒரு கூச்சல் போட்டுவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பெரியவளுக்குக் கண் மறைத்தது. அப்பா இன்னும் முடிக்கவில்லை என்று கையை அழுத்தினார்.

"இங்க… இல்ல. வேற ஊர். புது… கிளை."

"வேற ஊரா? அப்போ உங்களை யாரு…" சின்னவள் பாதியில் நிறுத்தினாள்.

"வருவா… சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயாப்பா?" என்றாள் பெரியவள். கோபமாகச் சொல்ல நினைத்தது. கெஞ்சலாகத்தான் வந்தது.

"கேட்டா… வேணாம்னு… சொல்லுவ."

அதில் யோசித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் சொன்னது உண்மை.

"அந்தம்மா… நல்லவங்க," என்றார் அப்பா. "நான்… பேசற வரைக்கும்… வைக்கல. எடுத்துக்… குடுக்கல."

பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனையோ வேலைக்கு நடுவே அந்த நரைத்த கிராப்பு அம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு கிழவர் சொல்லைத் தேடி எடுக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார். காலையில் தான் சொன்னதைக் காதில் வாங்கி, மத்தியானமே அப்படிச் செய்திருக்கிறார். அவள் அப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். போன வாரத்து அழுகை இல்லை இது.

"ஆனா…" என்றார் அப்பா.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"ஆனா… ஒண்ணு…"

அவருடைய விரல் மேஜைக்கு மேலே எழுந்தது. பெரியவள் பக்கம் வரவில்லை. மெதுவாகத் திரும்பிச் சின்னவளை நோக்கி நின்றது.

"நானா?" என்றாள் சின்னவள். "நான் என்னப்பா பண்ணேன்? இருங்க, அந்தம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டுடறேன்."

"போடாதடீ," என்றாள் பெரியவள். "அப்பா சொல்லுவாரு."

சின்னவள் கையிலெடுத்த போனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு அதை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தேட ஆரம்பித்தார். நாமும் எடுத்துக் கொடுக்காமல் அடுத்த வாரம் வரை காத்திருப்போம்.